மருந்துத் தீவு

எங்கள் மாமாவிடம் மறந்தும் ஒரு கேள்வி கேட்டுவிடக் கூடாது. நேரம் என்னவென்று கேட்டால் மணிக்கூடு கண்டுபிடித்த கதையிலிருந்து தொடங்குவார். அவருக்குத் தபால் கந்தோரில் வேலை. முத்திரை வாங்க வருகிறவர்கள் அவசரக்காரர்கள், நின்று கேட்கமாட்டார்கள். பகலெல்லாம் அடக்கி வைத்த கதை முழுவதும் பின்னேரம் வீட்டில்தான் இறங்கும். மாமி அதற்கு ஒரு வழி கண்டிருந்தார். முதல் வசனத்தை மரியாதையாக நின்று கேட்பார், இரண்டாவது தொடங்கும்போது குசினிக்குள் போய்விடுவார். மிச்சத்தைக் கேட்க நான் இருந்தேன். எங்கள் வீடு அடுத்த வளவு என்றாலும் நான் சாப்பிட்டது, படித்தது, சண்டை பிடித்தது எல்லாம் மாமா வீட்டில்தான்.

அந்த முதல் வசனப் பழக்கம்தான் பிறகு எங்களைத் தீவில் மாட்டிவிட்டது.

எங்கள் துறைமுகத்துக்குள் சின்னச் சின்னத் தீவுகள் உண்டு. அவற்றில் ஒன்றைச் சனங்கள் பார்க்கலாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை நேவிக்காரர் படகில் ஏற்றிப் போகிறார்கள் என்று மாமா கேள்விப்பட்டு வந்தார். வந்ததும் கதிரையில் இருந்துகொண்டு தொடங்கினார். “வெள்ளைக்காரன் மருந்து வச்சிருந்த தீவு அது.”

மாமி குசினிக்குள் போய்விட்டார். அது வெடிமருந்து, பீரங்கிக்குப் போடுவது, ஒரு நெருப்புக்குச்சி விழுந்திருந்தால் பாதித் திருகோணமலை இருந்திராது என்ற விளக்கமெல்லாம் என் காதில்தான் விழுந்தது. வெடிமருந்தை வெறுமனே மருந்து என்று சொல்வது எங்கள் ஊர் ஆண்களின் வழக்கம். களவாய் வெடி போட்டு மீன் பிடிக்கிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். மாமிக்கு மருந்து என்றால் குடிக்கிற மருந்துதான்.

அந்தக் காலத்தில் மாமி குடிக்காத மருந்து இல்லை. கந்தளாயிலிருந்து கசாயம் வரும். இறக்கக்கண்டியில் யாரோ மந்திரித்துக் கொடுத்த எண்ணெய் அலுமாரிக்குள் இருந்தது. சல்லி அம்மன் கோயிலில் விரல் நீளத்தில் ஒரு மரத்தொட்டில் கட்டினார். என் பொம்மைக்கு அளவான தொட்டில் அது. தாருங்கள் என்று உருண்டு புரண்டு அழுதும் தரவில்லை. கோபத்தில் அன்றைக்குப் பொங்கலே வேண்டாம் என்றேன், பிறகு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். இவ்வளவும் எதற்கு என்று கேட்டால் “வயித்துக்கு” என்று மட்டும் சொல்வார். எனக்கு அதில் பெரிய சந்தேகம் இருந்தது. என்னோடு போட்டிக்குத் தோசை சாப்பிடுகிற வயிற்றில் என்ன வருத்தம் இருக்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். தீவில் துருப்பிடித்த பாரந்தூக்கி ஒன்று நின்றது. பீப்பாக்களைத் தள்ளிக்கொண்டு போவதற்குப் போட்ட குட்டித் தண்டவாளம் புல்லுக்குள் கிடந்தது. கப்பலுக்குக் கரி குவித்த மேடையும், பெரிய சுவர்களோடு ஒரு நீளக் கட்டடமும் இருந்தன. அந்தக் கட்டடத்துக் கதவில் ஓர் இரும்பு ஆணிகூட இல்லை, எல்லாம் செம்பு, இரும்பென்றால் தீப்பொறி பறக்கும் என்று மாமா விளக்கினார். நான்கு குடும்பங்கள் அவரைச் சுற்றி நின்று கேட்டன. அவரை வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் கண்டதில்லை. உண்மையான வழிகாட்டி ஓர் இளம் நேவிக்காரர். அவர் சிங்களத்தில் ‘வெடி பெஹெத்’ என்று சொன்னது எனக்கு உடனே விளங்கிவிட்டது. பெஹெத் என்றால் மருந்து என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். வகுப்பில் சிங்களத்துக்கு நான்தான் முதலாம் பிள்ளை.

மாமியைக் காணவில்லை என்று கட்டடத்துக்குள் போய்ப் பார்த்தேன். மூலையில் நின்று, கொண்டை ஊசியால் சுவரில் பூத்திருந்த வெள்ளைத் தூளைச் சுரண்டி, வடை சுற்றி வந்த கடதாசியில் கொட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன மாமி செய்யிறியள்?”

“சத்தம் போடாதையம்மா. வெள்ளைக்காரன்ர மருந்து. அவங்கள் கொண்டுபோனது போக, இவ்வளவுதான் மிச்சம்.”

“வயித்துக்கா?”

“ஓம், வயித்துக்கு.”

பீரங்கிக்குப் போடுகிற மருந்து வயிற்றுக்கும் நல்லதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாமி பொட்டலத்தை மடித்து என் தோள்பைக்குள் வைத்தார். சின்னப்பிள்ளைகளின் பையைப் பார்க்கமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு.

தீவிலிருந்து ஒரு கல்லும் கொண்டுபோகக் கூடாதாம். படகில் ஏறுமுன் எல்லாப் பைகளையும் திறந்தார்கள். என்னுடையதைத்தான் முதலில் திறந்தார்கள். அந்த இளம் நேவிக்காரர் பொட்டலத்தைத் தூக்கி “மேக்க மொகத?”, இது என்ன என்று கேட்டார். மாமா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“பெஹெத்!”

என்ன பெஹெத் என்று அவர் திரும்பக் கேட்டார். இதெல்லாம் ஒரு கேள்வியா? காலையில் அவரே படிப்பித்ததுதானே. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வகுப்பில் சொல்வதுபோல உரத்துச் சொன்னேன்.

“வெடி பெஹெத்!”

நேவிக்காரர் ஓரடி பின்னால் போனார். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற சனம் அதைவிடக் கூடப் பின்னால் போனது. மாமாவின் விசிறிகள் நான்கு குடும்பமும் அவரை முன்பின் கண்டதேயில்லை என்பதுபோலக் கடலைப் பார்த்தார்கள். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லை அந்த மாதிரி உடுப்புக்கு முன்னால் சொல்லக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

கண்ணாடி போட்ட ஒரு மூத்த நேவிக்காரர் வந்தார். பொட்டலத்தை அவிழ்த்து மணந்து பார்த்தார். பிறகு ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தார்.

“ஹுணு,” என்றார். சுண்ணாம்பு.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல், உடைந்த தமிழில் மாமாவைப் பார்த்து “இது என்னத்துக்கு?” என்று கேட்டார். உலகத்தில் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமி முன்னால் வந்தார். சந்தையில் பொறுக்கிய நாலு சிங்களச் சொற்கள்தான் மாமிக்குத் தெரியும். அதில் மூன்றைச் சொன்னார்.

“பபா நே. பெஹெத்.”

குழந்தை இல்லை என்கிறாரே, இந்த நேரத்தில் இது என்ன கதை என்று எனக்கு வியப்பாக இருந்தது. பிறகு பிடிபட்டது. பையைக் கொண்டுவந்தது பபா இல்லை, பெரிய பிள்ளை என்று எனக்காகப் பேசுகிறார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

“ஓம், பபா நே! எனக்கு எட்டு வயசு!”

யாரும் சிரிக்கவில்லை. அந்த மூத்தவர் கடதாசியைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். அதை என் பைக்குள் போடாமல் மாமியின் கையில் வைத்து, “நங்கி, போங்க” என்றார். நங்கி என்றால் தங்கச்சி. ஒரு கல்லும் கொண்டுபோகக் கூடாத தீவிலிருந்து நாங்கள் சுண்ணாம்போடு படகேறினோம்.

படகில் மாமா தன் வாழ்க்கையிலேயே ஆகச் சின்ன விளக்கத்தைச் சொன்னார். “அது துவக்கு சுடுற மருந்து வச்ச இடமப்பா.”

“இப்ப விளங்குது,” என்றார் மாமி. பொட்டலத்தைக் கடலில் போடக் கையை நீட்டினார்.

மாமா அதை வாங்கித் தன் சேட்டுப் பைக்குள் வைத்தார். அலை தெறித்து எல்லோரும் நனைந்தோம். கரை சேரும்வரை அது நனையாமல் மேலே கையை வைத்து மூடிக்கொண்டே வந்தார். சுண்ணாம்பென்று தெரிந்த பிறகும் இவர் ஏன் இப்படிக் காக்கிறார் என்று நான் நெடுநேரம் யோசித்தேன். மாமாவுக்கும் வயிற்றில் வருத்தம் இருக்கிறது, சொல்ல வெட்கப்படுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.