கட்டாத மூன்று மாதங்கள்

தவணை கட்டுவதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்கு, வங்கியின் ஷட்டர் ஏறும்போது நான் வாசலில் நிற்பேன். ஒரு நாள் முன்னால் கட்டினால் யாரும் வேண்டாமென்று சொல்லப் போவதில்லை. ஆனால் ஐந்தாம் தேதி என்று அதாலத்தில், அதாவது கோர்ட்டின் சமரசக் கூட்டத்தில், எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது, ஐந்தாம் தேதிதான் கட்டுவேன். கடன்காரிக்கு இவ்வளவு வீறாப்பு ஆகாதுதான். இருந்தாலும் பதினெட்டுத் தவணை பிசகாமல் கட்டினேன் என்றால் அது அந்த வீறாப்பினால்தான்.

கடன் வந்தது ஒரு ஹாஸ்டலால். எங்கள் மலையாள ஊரின் கழக்கூட்டம் பகுதியில் ஐ.டி. கம்பெனிப் பெண்கள் தங்குவதற்காக ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, கட்டில், பீரோ, வாட்டர் ஹீட்டர் எல்லாம் கூட்டுறவு வங்கிக் கடனில் வாங்கிப் போட்டேன். இருபத்திரண்டு பெண்கள் இருந்தார்கள். கொரோனா வந்தபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் ஊருக்குப் போனார்கள். கட்டில்களும் நானும் மிச்சம். வீட்டுக்காரருக்கு வாடகை கொடுத்தேன், கரண்ட் பில் கட்டினேன், வங்கியை விட்டுவிட்டேன்.

நிலம் நீச்சு இல்லாதவர்கள் இந்த ஊரில் கடன் வாங்க வேண்டுமென்றால் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் தன் சம்பளச் சான்றிதழைக் கொடுத்து ஜாமீன் நிற்பார். நாம் கட்டாவிட்டால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். எனக்கு ஜாமீன் நின்றவள் என் பள்ளித் தோழி. நான் கரமனைப் பக்கம், அவள் ஸ்ரீவராகம் பக்கம். பத்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நான் கேட்ட மறுநாளே சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனாள்.

வங்கியின் நோட்டீஸ் அவள் ஆபீஸுக்குப் போனது. இரண்டு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். அவள் என் வீட்டுக்கு வந்து ஒன்றுதான் கேட்டாள், "முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி?" நியாயமான கேள்வி. ஆனால் கடன் வாங்கியவளும் நான், கோபித்துக்கொண்டவளும் நான். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கட்டில்களை விற்று, அவளிடம் பிடித்த பணத்தை முதலில் திருப்பிக் கொடுத்தேன், அதையும் வேறொருவர் கையில் கொடுத்தனுப்பினேன். அதாலத்தில் வங்கியோடு சமரசம் பேசி முப்பது தவணை என்று முடிவான அன்று நானும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

சமரசத்தில் ஒரு ஷரத்து. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் ஒப்பந்தம் ரத்தாகும், அவள் சம்பளத்தில் மறுபடியும் பிடிக்கத் தொடங்குவார்கள். இன்னொரு முறை அவள் ஆபீஸுக்கு நோட்டீஸ் போகக் கூடாது என்பதுதான் எனக்கு வைராக்கியம். பாசத்தால் அல்ல, அன்று சத்தியமாக ரோஷத்தால். வீட்டில் சமைத்து ஃபிளாட்டுகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்பினேன். என் கணவர் ஜவுளிக்கடையில் கணக்கெழுதும் சம்பளம் வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் சரியாகப் போகும். சாப்பாட்டுப் பணம் அப்படியே வங்கிக்கு.

பதினெட்டாவது தவணை மே மாதம் கட்டினேன். மாதக் கடைசியில் மழை பிடித்தது. கொல்லைப்புறத்தில் பாசி வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. மாவுக்கட்டு ஆறு வாரம், அதன்பிறகும் கையைப் பழக்கி எடுக்க ஆறு வாரம், அதுவரை ஒரு குண்டான்கூடத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். எனக்கு வலியைவிட முதலில் தோன்றியது ஜூன் ஐந்து.

இங்கே அநியாய வட்டிக்காரர்களை பிளேடு என்பார்கள். அப்படி ஒருவரிடம் வாங்கித் தவணையைக் கட்டிவிடலாமா என்று போன் நம்பர்வரை போய்விட்டேன். என் கணவர்தான், "முதல்ல பாங்க்ல கேட்டுப் பாரு. கேக்கறதுக்குக் காசு இல்லையே" என்றார். அவர் பேச்சைக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. அன்று கேட்டேன்.

வங்கி அலுவலர் என் கட்டைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். வீட்டுக்குள் வந்த விருந்தாளி மாதிரி நடத்தினார் என்பதை இன்றைக்கும் மறக்கவில்லை. சமரசத்திலேயே ஒரு வழி இருக்கிறது சேச்சி என்று மலையாளத்தில் நிதானமாக விளக்கினார். டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் மூன்று மாதம் வரை தவணையை நிறுத்தி வைக்கலாம். வட்டி ஏறாது, கடைசியில் மூன்று மாதம் கூடும், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் அவர் காலண்டரைப் பார்த்தார். ஜாமீன்காரியின் ஒப்பு, அதாவது சம்மதக் கையெழுத்து, வேண்டும் என்றார்.

அதோடு விடவில்லை. முப்பது தவணை என்று வைத்ததே அவள் ஓய்வு பெறும் மாதத்தோடு கடன் முடியட்டும் என்றுதான். அடுத்த வருஷம் மே கடைசியில் அவளுக்கு ரிட்டயர்மென்ட். மூன்று மாதம் தள்ளினால் கடன் ஆகஸ்ட் வரை போகும். ஓய்வு பெறும் நாளில் ஜாமீன் பாக்கி இருந்தால் கிராஜுவிட்டிப் பணத்தை நிறுத்தி வைப்பார்கள். ஆகவே பலர் கையெழுத்துப் போட மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள் என்றார்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, கேட்பது என்று ஸ்ரீவராகத்துக்குப் போனேன். அவளே கதவைத் திறந்தாள். கையைப் பார்த்தாள், "உள்ள வா" என்றாள். ஓட்டு வீடு. கூடத்தில் இரண்டு பக்கெட், ஒரு அண்டா, எல்லாவற்றிலும் சொட்டுச் சொட்டாக மழைத்தண்ணீர். நான் பார்ப்பதைப் பார்த்து, "இந்த வருஷம் இப்படித்தான். அடுத்த மழைக்குள்ள ரிட்டயராயிடுவேன், பணம் வந்ததும் மேல்கூரையை மொத்தமா மாத்தணும்" என்றாள்.

அதைக் கேட்டபிறகும் பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினேன். கை முறிந்த கதையைச் சொன்னேன், மூன்று மாத இடைவெளியைச் சொன்னேன். கிராஜுவிட்டியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. மறந்துபோய் அல்ல. சொன்னால் போட மாட்டாளோ என்ற பயம். அவள் படிவத்தை ஒரு முறை புரட்டினாள், பேனாவை எடுத்தாள், போட்டுவிட்டாள். "கையைப் பாத்துக்கோ" என்றாள். நான் தப்பித்தோம் பிழைத்தோம் என்று கிளம்பினேன்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பஸ் வந்து போனது. ஏறவில்லை. அந்தப் பக்கெட்டுகள் கண்ணை விட்டுப் போகவில்லை. என் கை குணமாவதற்காக அவள் இன்னொரு மழைக்காலம் அண்டாவைத் தூக்கித் தூக்கிக் கொட்ட வேண்டும், அது அவளுக்கே தெரியாமல். முதல் தடவை ஒரு வார்த்தை சொல்லாமல் அவளை மாட்டிவிட்டேன். இப்போதும் அதையேதான் செய்திருக்கிறேன் என்று தோன்றியதும் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்து திரும்பி நடந்தேன்.

கதவு திறந்துதான் இருந்தது. நின்றபடியே சொன்னேன். "இதில ஒப்பு போட்டா உன் கிராஜுவிட்டியை நிறுத்தி வைப்பா. கடன் தீர்ந்தப்புறம்தான் கிடைக்கும். நான் வேணும்னேதான் சொல்லலை. உனக்கு வேண்டாம்னா இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்."

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நான் இப்ப எந்த செக்ஷன்ல இருக்கேன்னு தெரியுமோ உனக்கு?" என்றாள்.

தெரியவில்லை. பேச்சு நின்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே.

"பென்ஷன் செக்ஷன். யாருக்கு என்ன லயபிலிட்டி பாக்கி, யாரோட கிராஜுவிட்டியை நிறுத்தணும்னு நோட் எழுதறதே நானாக்கும். எனக்கு வந்து நீ பாடம் எடுக்கறியா?"

"அப்போ தெரிஞ்சேவா போட்டே?"

"பின்னே? உன் கை வளைஞ்சு போச்சுன்னா அப்புறம் யார் தவணை கட்டறது, நானா?" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "உக்காரு. சாதம் வடிச்சாச்சு. இடது கையால சாப்பிட வராது, ஸ்பூன் தரேன்" என்றாள்.

சாப்பிட்டேன். நடுவில் மன்னிப்புக் கேட்டேன், பழையதுக்கும் சேர்த்து. "சாரமில்லை, பரவாயில்லை, ரசம் விட்டுக்கோ" என்றாள். அவள் மன்னிக்கும் முறை அதுதான், சின்ன வயதிலிருந்தே.

ஜூன் ஐந்தாம் தேதி வழக்கம்போல் குளித்துப் புடவை மாற்றி வாசலுக்கு வந்துவிட்டேன். "எங்க கிளம்பிட்டே?" என்று கணவர் கேட்டபிறகுதான் நினைவு வந்தது. திரும்பி வந்து படுத்தேன். பகல் பத்து மணிக்குப் படுத்தது எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றுதான். அந்த மூன்று மாதமும் நான் யாருக்கும் கடன்காரியாக இல்லை என்றுகூடத் தோன்றியது. இரண்டாம் மாதமே சமையலுக்கு இறங்கியிருந்தால் கை இப்படித் திரும்பியிருக்காது என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். இன்று இந்தக் கை தோசை திருப்புகிறது, தலை பின்னுகிறது. நாற்காலி இழுத்துப் போட்ட அந்த அலுவலருக்கும் டாக்டருக்கும் நேரில் போய் நன்றி சொன்னேன்.

செப்டம்பரிலிருந்து மறுபடியும் கட்டினேன். அவள் பணம் நிற்கக் கூடாதென்று கூடுதலாகக் கட்டப் பார்த்தேன். எவ்வளவு முட்டி மோதியும் ஒரே ஒரு மாதத்தைத்தான் மிச்சம் பிடிக்க முடிந்தது. மே கடைசியில் அவள் ஓய்வு பெற்றாள். அவள் பணத்தை நிறுத்தி வைக்கச் சொல்லும் குறிப்பை, அவள் நாற்காலிக்கு வந்த புதிய ஆள் எழுதினார். ஜூன், ஜூலை இரண்டு மாத மழையும் அந்த வீட்டுக் கூடத்தில் சொட்டியது. நான் போகும்போதெல்லாம் அண்டாவைக் கொட்டிவிட்டு வருவேன். அவள் தடுக்கவில்லை.

ஜூலையில் கடைசித் தவணை கட்டிய அன்று அவளும் கூட வந்தாள். பாக்கியில்லை என்ற கடிதத்தை வாங்கி அவள் கையில் கொடுத்தேன். படித்து, மடித்து, கைப்பைக்குள் வைத்தாள். வங்கிப் படிகளில் இறங்கும்போது மழை. ஒரே குடை. ரொம்ப நாளாகக் கேட்க வேண்டுமென்று இருந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு நான் திரும்பி வரலைன்னா என்ன பண்ணியிருப்பே?"

"போட்ட ஒப்பு போட்டதுதான். உனக்கு மூணு மாசம் கிடைச்சிருக்கும்," என்றாள். "ஆனா அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் உன்கிட்ட பேசியிருக்க மாட்டேன்."

குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். சொன்னதைச் செய்கிறவள் அவள், எனக்குத் தெரியும். கடன் அப்போதும் இதே நாளில்தான் தீர்ந்திருக்கும். இந்தப் படிகளில் நான் தனியாக இறங்கியிருப்பேன்.