பொட்டாசியத்துக்கு ஆணி இல்லை

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் வேறு. பட்டறையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அது காணாமல் போய்விட்டது. நாள் முழுக்க நீல மணி கோக்கிற கை என்பதால் எங்களுக்கு அவர் மணியக்கா. "மணியக்கா, மணி என்ன?" என்று யாராவது கேட்டால், தலை நிமிராமல் "இதுவரைக்கும் அறுநூத்தி நாப்பது" என்பார். நேரம் தெரிய வேண்டுமென்றால் ஜன்னல் வழியாக எதிர்ச்சுவரின் நிழலைத்தான் பார்க்க வேண்டும்.

சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது எங்கள் பட்டறை. தகரப் படிக்கட்டு ஏறினால் நீளமான ஒரே அறை. பள்ளிக்கூடங்களுக்கு அணு செய்து கொடுப்பதுதான் எங்கள் தொழில். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். என் கல்யாணப் பேச்சின்போது, "பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்று கேட்டவர்களிடம் எங்கப்பா, "அணு பேக்கிங்" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்காரர்கள் அப்புறம் வரவே இல்லை.

சின்ன எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மரக்குண்டு. அதுதான் அணுவின் கரு. அதன்மேல் சிவப்பில் புரோட்டான் எத்தனை, கறுப்பில் நியூட்ரான் எத்தனை என்று எழுதியிருக்கும். குண்டைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாகக் கம்பி வளையங்கள். வளையங்களில் நீலக் கண்ணாடி மணிகள். அவை எலக்ட்ரான்கள். ஹைட்ரஜனில் தொடங்கி ஆர்கான் வரைக்கும் பதினெட்டு அணுக்கள் கொண்டது ஒரு பெட்டி. மணியக்கா கோப்பார். வளையத்தின் இரண்டு முனைகளையும் ஈயம் வைத்து ஒட்டுபவர் பத்தவைப்பு அண்ணன். அவர் கம்பியை மட்டுமல்ல, ஆளுக்கு ஆள் சண்டையையும் பத்தவைப்பார். அதனால் அந்தப் பெயர் இரண்டுக்கும் பொருந்தியது. கடைசியில் நூல் கட்டி, பஞ்சு வைத்துப் பெட்டியில் அடுக்குவது நான்.

முதலாளி அதற்கு முன்னால் கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கு ரசாயனம் விற்றவர். வேலையில் சேருகிற ஒவ்வொருவருக்கும் ஒரே பாடம்தான் எடுப்பார். "குண்டுல இருக்கிற சிவப்பு நம்பர்தாம்மா எல்லாம். ஆறுன்னா கரி. ஒண்ணு கூட்டி ஏழாக்கிட்டா நைட்ரஜன், நாம இழுக்கிற மூச்சுக் காத்துல முக்காவாசிக்கு மேல அதுதான். எட்டுன்னா ஆக்சிஜன். ஒண்ணு கூடக்குறைய வெச்சா வேற பொருளாயிடும். அதனால எண்ணி வைங்க." மணியக்கா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். இதைக் கேட்டதும், "அப்ப உள்ள எத்தனை சிவப்போ, வெளிய அத்தனை நீலம். அவ்வளவுதானே சார்?" என்றாராம். முதலாளி அதைப் பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மணிகள் நகராமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பொட்டு வார்னிஷ் வைப்போம். அது காய ஒரு நாள் ஆகும். அதுவரைக்கும் அணுக்கள் சுவரில் ஆணிகளில் தொங்கும். ஆரம்பத்தில் கையில் கிடைத்த ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தோம். ஒரு தடவை குளோரின் இருக்க வேண்டிய குழியில் இரண்டாவதாக ஒரு கந்தகத்தை வைத்து அனுப்பிவிட்டேன். பதினேழு மணிக்குப் பதில் பதினாறு. பள்ளிக்கூடத்திலிருந்து பெட்டி திரும்பி வந்தது. தப்பு என்னுடையது. ஆனால் முதலாளி கேட்டபோது மணியக்கா, "சுவரு தாறுமாறா இருக்கு சார், அவ என்ன பண்ணுவா?" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் சீக்கிரமே வந்து பழைய ஆணிகளையெல்லாம் பிடுங்கினார். வரிசைக்கு எட்டாக மூன்று வரிசை ஆணி அடித்தார். கடைசி வளையத்தில் எத்தனை மணி என்று பார்த்து மாட்டினார். வெளியே ஒற்றை மணி உள்ள ஹைட்ரஜன், லித்தியம், சோடியம் மூன்றும் ஒன்றின்கீழ் ஒன்றாக. இரண்டு மணிக்காரர்கள் அடுத்த பத்தியில். இப்படியே எட்டு வரைக்கும். ஹீலியத்துக்கு மட்டும் இடம் மாறியது. இரண்டே மணி என்பதால் முதலில் இரண்டாம் பத்தியில் தொங்கவிட்டார். ஒரு வாரம் பார்த்துவிட்டு எடுத்துக் கடைசிப் பத்தியில் மாட்டினார்.

"ஏன்க்கா?" என்றேன்.

"அதோட வளையத்துல ரெண்டுதான் கொள்ளும். நெறைஞ்சு போச்சு. நெறைஞ்சவங்களோட இருக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு எண்ணவே வேண்டியதில்லை. சுவரை ஒரு பார்வை பார்த்தால் எது தப்பு என்று தெரிந்துவிடும். அந்தச் சுவர் எவ்வளவு பெரிய சங்கதி என்று எங்கள் யாருக்கும் தெரியாது. மணியக்காவுக்கும் தெரியாது.

ஐந்தாறு வருஷம் இப்படியே போயிற்று. அந்த அறையின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. வார்னிஷ், சூடான ஈயம், கீழே சைக்கிள் கடையிலிருந்து வருகிற ரப்பர் பசை. பிற்பகலில் ஜன்னல் வழியாக வெயில் விழுந்தால் சுவர் முழுக்க நீலப் புள்ளிகள் நடுங்கும். பத்தவைப்பு அண்ணன் பாட, மணியக்கா திட்ட, நான் சிரிக்க, வேலை தன் பாட்டுக்கு நடக்கும்.

பிறகு பாடத்திட்டம் மாறியது. பதினெட்டு போதாது, இருபது அணு வேண்டும் என்றார்கள். பத்தொன்பது பொட்டாசியம், இருபது கால்சியம். நூறு பெட்டி, பன்னிரண்டு நாளில். புது அணுக்களுக்குப் படம் வரைந்தவர் முதலாளியின் மைத்துனர். முதலாளி "மச்சான்" என்று கூப்பிடுவார். எங்களுக்கு அவர் 'மச்சான் சார்'. முகத்துக்கு நேராக 'சார்' மட்டும்தான்.

முதல் நாளே நாற்பது பொட்டாசியம் கோத்தாயிற்று. உள்ளே இரண்டு, நடுவில் எட்டு, வெளியே ஒன்பது. சாயங்காலம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே மணியக்கா நின்றார். வெகுநேரம் நின்றார்.

"என்னக்கா?"

"இதுக்கு ஆணி இல்லடி."

"ஒண்ணு அடிச்சாப் போச்சு."

"எங்க அடிக்கிறது? ஒம்பதுன்னு பத்தியே இல்லையே. இதுவரைக்கும் எட்டு ஆனதும் வளையம் மூடிடும், அடுத்தவன் புது வளையத்துல ஒண்ணுல இருந்து ஆரம்பிப்பான். இவன் மட்டும் ஏன் நெறைஞ்ச பஸ்ஸுல தொத்திக்கிட்டு நிக்கிறான்?"

மச்சான் சாரிடம் போய்க் கேட்டார். அவர் புத்தகத்தை விரித்து விரலால் தட்டினார். "மூணாவது வளையத்துல பதினெட்டு வரைக்கும் கொள்ளும்னு இங்க அச்சடிச்சிருக்கு பாருங்க. ஒம்பது தாராளமா உக்காரும். நீங்க மணி கோக்கிற வேலையப் பாருங்கம்மா."

புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. மணியக்கா தன் இடத்துக்குத் திரும்பிவிட்டார். ஆனால் மறுநாள் பொட்டாசியத்தையும் அதே மாதிரி படம் போட்டிருந்த கால்சியத்தையும் தொடவில்லை. மற்ற பதினெட்டையும் கோத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். பத்தவைப்பு அண்ணன் சும்மா இருப்பாரா? முதலாளியிடம் போய், "சார், அக்கா பொட்டாசியத்தோட பேச்சுவார்த்தை இல்லைங்கிறாங்க" என்று பத்தவைத்துவிட்டார். முதலாளி கோபமாகவே மேலே வந்தார்.

"நாள் இல்லம்மா. என்ன பிரச்சினை உங்களுக்கு?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். நீங்க ரசாயனம் வித்தவர். சோடியம்னா எப்படி இருக்கும்?"

"மெத்துனு ஒரு உலோகம். மண்ணெண்ணெய்க்குள்ள போட்டு வெச்சிருப்போம். தண்ணி பட்டா சீறிக்கிட்டு ஓடும்."

"லித்தியம்?"

"அதுவும் அதே ரகந்தான். கொஞ்சம் சாது."

"பொட்டாசியம்?"

முதலாளி சுவரைப் பார்த்தார். "அதுவும் எண்ணெய்க்குள்ளதான்" என்றார் மெதுவாக. "சோடியத்தை விட மோசம். தண்ணியில போட்டதும் ஊதா நிறத்துல பத்திக்கும்."

"மூணுக்கும் ஒரே குணம் சார். அப்ப முகமும் ஒண்ணாத்தானே இருக்கணும்? ரெண்டு பேருக்கு வெளிய ஒத்தை மணி, இவனுக்கு மட்டும் ஒம்பதா?"

மச்சான் சார் ஏதோ சொல்ல வந்தார். முதலாளி கையமர்த்தினார். "இரு மச்சான். கேட்டுட்டு வரட்டும்."

எங்கள் பட்டறைக்குப் பழக்கமான ஒரு வேதியியல் டீச்சர் பெண்கள் பள்ளியில் இருந்தார். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு நானும் மணியக்காவும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் பையை மடியில் வைத்து, கைக்குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு வந்தார். "தப்பா இருந்தா மானம் போயிடும்டி" என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்தார். "யாரு இதைத் தப்புன்னு சொன்னது?"

மணியக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைக் காட்டினேன்.

"சரியாச் சொல்லியிருக்கீங்க. ரெண்டு, எட்டு, எட்டு, ஒண்ணு. அதுதான் பொட்டாசியம்."

"புத்தகத்துல பதினெட்டு கொள்ளும்னு போட்டிருக்கே டீச்சர்?"

"அதுவும் நிஜம்தான். மூணாவதுல இன்னும் இடம் இருக்கு. ஆனா மிச்சம் இருக்கிற இடமெல்லாம் உயரமான படி. நாலாவதுல முதல் படி அதை விடத் தாழ்வா இருக்கு. பத்தொம்பதாவது ஆளு தாழ்வான படியில போய் உக்காந்துக்கறான். இருபதாவது ஆளும் அங்கேயேதான். இருபத்தொண்ணுல இருந்துதான் திரும்பி வந்து மூணாவதை நிரப்புவாங்க."

மணியக்காவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. டீச்சர் அத்தோடு விட்டிருக்கலாம். பேச்சுவாக்கில், "நிஜ அணுவுல கம்பியும் கிடையாது, வளையமும் கிடையாது. எலக்ட்ரான் இன்ன இடத்துல இருக்குன்னு விரல் வைக்க முடியாது, புகை மாதிரி சுத்திப் பரவி இருக்கும். இந்தக் குண்டு கருன்னா, வெளிப்பக்கம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கணும். நடுவுல ஒண்ணுமே இல்லை" என்று சொல்லிவிட்டார்.

மணியக்காவின் முகம் வாடிவிட்டது. "அப்ப நாங்க இத்தனை வருஷமா செய்யறது பொய்யா டீச்சர்?"

"ஊர்ப் படத்துல ரோட்டைச் சிவப்புக் கோடாப் போடறாங்க. ரோடு சிவப்பாவா இருக்கு? ஆனா அதை வெச்சுத்தானே ஊர் போய்ச் சேர்றோம்?"

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். திடீரென்று என் தோளைத் தட்டி, தூரத்தில் தெரிந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். "நம்ம பஸ்ஸுல குண்டு இருந்தா, மணி அங்க. நடுவுல இத்தனை வீடு, கடை, மரம். எல்லாம் வெறும் இடம். யோசிச்சுப் பாரு." எனக்கு யோசிக்க வரவில்லை. அவருடைய கண் அந்தத் தொட்டி மறைகிறவரைக்கும் அங்கேயே இருந்தது.

நாற்பது பொட்டாசியத்தையும் பிரித்தோம். அறுக்கும்போது சிதறிய மணிகளை மாதக்கணக்கில் தரையில் மிதித்துக்கொண்டிருந்தோம். நான்காவது வளையம் போட்டதும் பெட்டிக்குள் குழி போதவில்லை, அதையும் மாற்றினோம். முதலாளியே கையை மடித்துவிட்டுக் கம்பி வளைத்தார். பதின்மூன்றாம் நாள் நூறு பெட்டியும் போய்ச் சேர்ந்தன. இதற்கு நடுவில், டீச்சரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மச்சான் சார் நான்கு நாள் மணியக்காவோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் திருத்திய கால்சியம் படத்தைக் கொண்டுவந்து நீட்டி, "இதுக்காவது ஆணி இருக்கா பாருங்கம்மா" என்றார். அதிலிருந்து எந்தப் படமானாலும் முதலில் அவரிடம்தான் வரும்.

டீச்சர் ஒரு நாள் பட்டறைக்கு வந்தார். சுவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். உலகத்துப் பொருளையெல்லாம் இப்படித்தான் அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மணியக்காவை விடாப்பிடியாகப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார். அங்கே ஆய்வுக்கூடச் சுவரில் இருபது அணுக்களையும் அவர் கையாலேயே மாட்ட வேண்டுமாம்.

நானும் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு போனேன். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். மணியக்கா அவர்கள் பக்கம் திரும்பாமல் ஆணி அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு பெண் கேட்டாள், "ஆன்ட்டி, ஹைட்ரஜன் வாயுதானே? அது ஏன் சோடியம் மாதிரி உலோகத்தோட இருக்கு?"

மணியக்கா சுத்தியலைக் கீழே வைத்தார். "எனக்கும் அதுல சந்தேகம்தான் கண்ணு. அதுக்கு ஒரு மணி இருக்கு, அதனால இங்க. ஆனா ஒரே ஒரு மணி கிடைச்சா நெறைஞ்சிடும், அதனால ஃபுளோரின் பக்கத்துலயும் மாட்டலாம். அது எங்கயும் சரியா ஒட்டாத ஆளு. வேற இடம் தெரியாம இங்க வெச்சிருக்கேன்."

டீச்சர் சத்தமாகச் சிரித்தார். பிள்ளைகளிடம், "இதைப் பத்திப் பெரிய பெரிய ஆளுங்களே இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க" என்றார். அன்று திரும்பி வரும்போது மணியக்கா ஒரு சின்னப் பெண் மாதிரி கையை வீசிக்கொண்டு நடந்தார்.

அடுத்த இரண்டாவது வருஷம் அவர் வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். போன புதிதில் மூன்று கடிதம் வந்தது. மூன்றாவது கடிதத்தில் மூட்டு வலி, டாக்டர் கால்சியம் குறைவு என்று மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார் என்று எழுதியிருந்தார். "எத்தனை நூறு கால்சியம் செஞ்சு ஊருக்கெல்லாம் அனுப்பினேன், உடம்புக்குன்னு நாலு எடுத்து வெச்சுக்கத் தோணலையே" என்று ஒரு வரி. அதைப் பட்டறையில் உரக்கப் படித்தேன். சிரித்துக்கொண்டே இருந்த பத்தவைப்பு அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நான் எழுதிய பதில், அந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அப்புறம் தேடினோம், விசாரித்தோம், தகவல் கிடைக்கவில்லை. இருந்தால் இப்போது எழுபத்தைந்து வயதிருக்கும். எங்கே இருந்தாலும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தை வாங்கிப் புரட்டி, யாரிடமாவது ஏதாவது கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.