ஞாயிற்றுக்கிழமை அளக்காத கிணறு

காலை ஐந்து மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது கிணற்றுக் கட்டின்மேல் இருந்த ஒரு சோடி சப்பாத்து. கட்டுமானத் தளத்தில் போடும், முனையில் இரும்பு வைத்த கனத்த சப்பாத்து. அதன் சொந்தக்காரி வெறுங்காலோடு கிணற்றுப் படிகளில் இறங்கி, அளவு நாடாவைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார். குடிக்கிற கிணறு என்று தெரிந்ததால் சப்பாத்தைக் கழற்றியிருந்தார்.

இது நடந்தது கோப்பாய்க்கும் நீர்வேலிக்கும் இடையில், எங்கள் பகுதிக்கு இயற்கை வாயுவில் ஓடும் மின்நிலையம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில். பல வருடங்கள் பத்திரிகையில் வேலை செய்து ஓய்வு பெற்ற என்னை, ஊர் மக்களோடு பேசிக் குறைகளைக் கேட்டு எழுதும் வேலைக்கு அங்கே எடுத்திருந்தார்கள். கிணற்றில் இறங்கியவர் தளத்தின் தலைமைப் பொறியியலாளர். திருகோணமலைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர்.

மின்நிலையம் எங்களுக்குத் தேவைப்பட்டது. தெற்கிலிருந்து வரும் மின்கம்பியில் கோளாறு வந்தால் குடாநாடு இருண்டுவிடும். தோட்டத்து மோட்டர்களும் நின்றுவிடும். வரப்போகும் நிலையத்தைப் பற்றிப் பொறியியலாளர் விளக்கியபோது எனக்கு வியப்பாக இருந்தது. வாயுவை எரித்து ஒரு சுழலியைச் சுற்றுவார்கள். வெளியே போகும் சூட்டை வீணாக்காமல் அதில் நீராவி எடுத்து இரண்டாவது சுழலியையும் சுற்றுவார்கள். நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கப் பெரிய விசிறிகள். அதற்காக நிலத்தடி நீரை எடுக்கப்போவதில்லை.

ஆனால் கட்டும்போது தண்ணீர் குறுக்கே வந்தது. இயந்திர மண்டபத்துக்குக் கீழே, கேபிள்கள் போகும் நிலக்கீழ் அறைக்காகச் சுண்ணாம்புக் கல்லை வெட்டிக் குழி தோண்டினார்கள். ஊற்று வந்தது. இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்தார்கள். எங்கள் நிலத்தடியில் நல்ல தண்ணீர் கடல்நீரின்மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயிருந்து உவர் ஏறும். ஏறிய உவர் இலேசில் இறங்காது.

தளத்துக்கு மிக அருகில் இருந்தது ஒரு பங்குக் கிணறு. ஆறு குடும்பங்களுக்குப் பொது. குடிப்பதும் அதில்தான், வாழைக்கு இறைப்பதும் அதில்தான். திங்கள் முதல் சனி வரை ஆளுக்கொரு நாள் இறைப்பு முறை. அந்தக் கிணற்றின் மட்டத்தை அளப்பது என் பொறுப்பு. வேலை நாட்களில் சரியாகக் காலை ஒன்பது மணிக்குப் போவேன். அந்த நேரத்தில் யாராவது இறைத்துக்கொண்டிருப்பார்கள், அல்லது இறைத்து முடித்திருப்பார்கள். மட்டம் இறங்கித்தான் இருக்கும். மூன்று வாரக் குறிப்புகளை வைத்து, தோட்ட இறைப்பினால் ஏற்பட்ட இறக்கம், குழிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். நல்ல தெளிவான அறிக்கை என்று எனக்கே ஒரு திருப்தி.

ஒரு வெள்ளிக்கிழமை, பங்காளிகளில் ஒருவர், நாற்பது வயதுத் தோட்டக்காரர், தள அலுவலகத்தில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் ஓரம் கருகிய வாழையிலை. அதை என் அறிக்கையின் மேலேயே போட்டார்.

"என்னண்ணை, பேப்பரிலை எழுதின ஆள் எண்டினம். இதை வாசிச்சுப் பாருங்கோ. உப்புத் தண்ணி எழுதினது."

"நீங்கள் இறைக்கிறதாலைதான் தண்ணி இறங்குது. இந்தா, மூண்டு கிழமைக் கணக்கு."

"ஞாயிற்றுக்கிழமை அளந்தனீங்களோ?"

"ஞாயிறு எனக்கு லீவு."

அவர் சிரித்தார். "கிணத்துக்கும் லீவு அண்டைக்குத்தான். ஆறு பேரும் இறைக்க மாட்டம். சனி பின்னேரம் விட்டால், விடியக் காலமை மேலையிருந்து ஆறாம் படியிலை தண்ணி வந்து நிக்கும். என்ரை வயசுக்கு அது தப்பினதில்லை. இப்ப மூண்டு கிழமையா வரேல்லை. கிணறு ஆறுற நாளை விட்டிட்டு, நாங்கள் போட்டு உலைக்கிற நாளெல்லாம் வந்து அளந்திருக்கிறியள்!"

எனக்குக் கோபம் வந்தது. ஏதோ வாதாடினேன். பலகைத் தட்டிக்கு அந்தப்பக்கம் பொறியியலாளரின் அறை. அவர் எழுந்து வந்து இலையைத் திருப்பிப் பார்த்தார். தோட்டக்காரரிடம் ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, ஞாயிறு விடிய எத்தினை மணிக்கு வரலாம்?"

அப்படித்தான் அந்த ஐந்து பத்து வந்தது. தண்ணீர் ஆறாம் படியில் இல்லை. ஒன்பதாம் படியில் கிடந்தது. பொறியியலாளர் சிறிய கருவி ஒன்றைத் தண்ணீரில் தோய்த்து உப்பைப் பார்த்தார். குழி வெட்டுவதற்கு முன் எடுத்த அளவைவிடக் கூடியிருந்தது. குடிக்க முடியாத அளவல்ல. ஆனால் கூடியிருந்தது. தோட்டக்காரர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டு, "இதுக்கு மிசின் வேணுமே மிஸ்?" என்றார்.

அரை மணிக்கொரு தடவை அளந்தோம். ஒருவரும் இறைக்காத கிணறு, ஒன்பது மணி வரைக்கும் ஒரு விரல்கூட ஏறவில்லை. அப்போது பொறியியலாளர் கைபேசியை எடுத்து, குழியின் பம்புகளை நிறுத்தச் சொன்னார். மறுமுனையில் மேற்பார்வையாளர் கத்தியது எனக்கும் கேட்டது.

"மிஸ், புதனுக்கு கொங்கிறீற் போட வேணும்! நிப்பாட்டினால் குழி நிரம்பிப் போடும்!"

"நிரம்பட்டும். நிப்பாட்டுங்கோ."

அதற்குப் பிறகு காத்திருந்தோம். தோட்டக்காரரின் மனைவி பிட்டும் வாழைப்பழமும் அனுப்பியிருந்தார். பொறியியலாளர் கிணற்றுக் கட்டில் இருந்து சாப்பிட்டார். பம்புகள் ஓய்ந்ததும் வாழையிலைகள் உரசும் சத்தம் கேட்டது. மூன்று வாரமாக அது கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மணிக்கு ஒன்பதாம் படி நனைந்து மறைந்தது. நான்கு மணிக்கு எட்டாம் படியும் தண்ணீருக்குள் போயிற்று.

நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். தோட்டக்காரரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொறியியலாளர் அவரிடம் நேராகச் சொன்னார்: "தம்பி, எங்கடை பம்புதான். பிழை எங்கடை."

தோட்டக்காரர் சண்டைக்கு என்று சேர்த்து வைத்திருந்த சொற்களுக்கு வேலையில்லாமல் போய்விட்டதுபோல நின்றார். பிறகு, "அப்ப கரண்ட் வராதோ மிஸ்?" என்று கேட்டார். அவருடைய இறைப்பு மோட்டரும் மின்சாரத்தில்தான் ஓடியது.

"வரும். தண்ணிக்குக் கீழை போகாமல் கட்டப் பாக்கிறன்."

கட்டினார். நிலக்கீழ் அறையை வரைபடத்திலிருந்தே எடுத்துவிட்டு, கேபிள்களை நிலத்துக்கு மேலே இடுப்புயரக் கூடு ஒன்றுக்குள் கொண்டுவந்து, அதன்மேல் மண்டபத்தை ஏற்றினார். ஆழமான அத்திவாரத்துக்குப் பதிலாக அகலமான அத்திவாரம். வெட்டிய குழியைக் கல்லாலேயே நிரப்பினார்கள். புதன்கிழமை கொங்கிறீற் போடவில்லை. பல மாதங்கள் பிந்தியது. மேலிடத்திலிருந்து வந்தவர்கள் அவருடைய அறையில் உரத்துப் பேசியதைப் பலகைத் தட்டி எனக்கு மறைக்கவில்லை. அவர் குரல் மட்டும் உயரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அளவுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்.

என்னிடம் ஒரு வேலை மட்டும் சொன்னார். "அண்ணை, முதல் அறிக்கை பிழை எண்டு எழுதி வாசல் பலகையிலை ஒட்டுங்கோ. பெரிய எழுத்திலை." பத்திரிகையில் திருத்தம் என்றால் உள்பக்கத்தில், ஒரு மூலையில், இரண்டு வரி. அப்படி எத்தனையோ திருத்தங்களை நானே ஒதுக்குப்புறமாகப் போட்டிருக்கிறேன். அன்று ஒட்டியதை ஊரே நின்று வாசித்தது. வாசித்த ஒருவரும் என்னைப் பழிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து குறை சொல்ல வருபவர்களின் தொகைதான் கூடியது.

நிலையம் ஓடத் தொடங்கிய நாளில் ஊரவர்களை உள்ளே அழைத்துக் காட்டினார்கள். தோட்டக்காரர் அண்ணாந்து புகைபோக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"புகையைக் காணேல்லையே மிஸ். ஓடுதோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியிறது?"

"வீட்டை போய் சுவிச்சைப் போட்டுப் பாருங்கோ."

மண்டபத்துக்கு ஏற ஏழு படிகள் இருக்கின்றன. முதல் வரைபடத்தில் அங்கே ஒரு படிதான். அந்த ஏழையும் அன்று ஏறியபோது, நான் அளந்தவை எல்லாம் சரியான அளவுகள்தான் என்பது நினைவுக்கு வந்தது. கிணறு எப்போது ஆறும் என்று மட்டும் அதன் பங்காளிகளிடம் நான் கேட்கவில்லை.

கட்டி முடிந்ததோடு என் வேலையும் முடிந்துவிட்டது. நாடா மட்டும் என்னிடம் இருக்கிறது. போன ஞாயிறும் காலை ஐந்து பத்துக்குப் போனேன். தண்ணீர் ஆறாம் படியில் நின்றது.