கலாநிதி மலரும் காலியாகாத போத்தல்களும்

ஹல்துமுல்லை கிளினிக்கில் ஒரு குழந்தையைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தபோது மலரின் தங்கை பதுளையிலிருந்து போனில் பேசினாள். "அக்கா போயிட்டாங்க. காலைல நெஞ்சு வலின்னாங்க..." குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மலரை அறிந்தவர்கள் அவளை அழுதுகொண்டே நினைக்க முடியாது. அவ்வளவு பரபரப்பு அவளுக்கு. கொஸ்லந்தவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் ஒன்றில் பிறந்தவள். என்னோடு தாதியாக வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் முதுகலையும் முடித்து, நாற்பத்தைந்து வயதில் பொதுச் சுகாதாரத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தாள். "இந்த வயசுல என்னடி படிப்பு?" என்றேன். "நம்ம தோட்டத்துப் பொம்பளைங்களுக்கு ஏன் திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வருது? அது தெரியாம நான் ரிட்டயராக மாட்டேன்" என்றாள்.

முதல் வருடம் தோல்விதான். "தண்ணி நல்லா குடிக்கிறீங்களா?" என்று லயம் லயமாகப் போய்க் கேட்டாள். எல்லோரும் "ஆமாங்க" என்றார்கள். இதில் ஒன்றுமில்லை, வேறு தலைப்பு எடுங்கள் என்றார் கொழும்புப் பேராசிரியர். மலர் விடவில்லை. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் அனுமதி வாங்கி, லீவு போட்டு, தானே கூடை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாள்.

நான்காம் நாள் மாலை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்களின் தண்ணீர்ப் போத்தல்களைப் பார்த்தாள். எல்லாம் காலையில் நிரப்பியபடியே இருந்தன. பக்கத்தில் நின்ற சிவகாமி என்ற பெண்ணிடம் ஏன் என்று கேட்டாள். சிவகாமி சிரித்துவிட்டாராம். "குடிச்சா எங்கங்க போறது? மலையில மறைப்பு இருக்கா? கீழயே கங்காணி நிக்கிறாரு."

அன்று பண்டாரவளை பஸ்ஸில் என்னைக் கண்டதும் மலர் கத்தினாள்: "கெடைச்சிருச்சுடி! கக்கூஸ்டி, கக்கூஸ்!" பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் கைதட்டிச் சிரித்தாள்.

ஆய்வு முடிந்ததும் அதைக் கொழும்புக்கு அனுப்பும் முன், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று அந்தப் பெண்களிடம்தான் முதலில் சொன்னாள். "இது நீங்க சொன்ன பதில். ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்." துரையும் அங்கே இருந்தார். சிவகாமி அவரைப் பார்த்து, "அப்ப எப்பங்க கட்டுவீங்க?" என்றார். மறுமாதம் மலையில் இரண்டு கழிப்பறைகள் எழுந்தன. மலர் கலாநிதியானது அதற்குப் பிறகு. மூன்று மாதம்கூட அந்தப் பட்டத்தோடு அவள் இருக்கவில்லை.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, முதல் பதிலோடு எழுந்துபோகாத பழக்கம். போன செவ்வாய்க்கிழமை ஒரு கர்ப்பிணி, "நல்லாத்தாங்க இருக்கேன்" என்றார். நான் அவருடைய கிளினிக் அட்டையை மூடாமல் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து பேசத் தொடங்கினார்.