ஆறு சில்லு வண்டியும் மூன்று ஓட்டைகளும்

எனக்கு நீந்தத் தெரியாது. நெடுங்கேணிப் பக்கம் குளங்களுக்கு நடுவே வளர்ந்தவன் இதைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இடுப்புக்கு மேலே தண்ணீர் வந்தால் எனக்கு மூச்சு அடைத்துவிடும். அப்படிப்பட்ட நான்தான் மூன்று மாதம் மினக்கெட்டு, தண்ணீரில் ஓடும் ஒரு வண்டியைத் திருத்தினேன்.

காரணம் என் மனைவி. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தடவை வவுனியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். மார்கழியில் எங்கள் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் ரோட்டு வெள்ளத்துக்குள் போய்விடும், பஸ் வராது. போன வருடம் ஐந்து நாள் அப்படி அடைபட்டுக் கிடந்தோம். ஐந்தாம் நாள் அவள் முகமெல்லாம் ஊதி, மூச்சு வாங்கியபடி, நான் யாரென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். வெள்ளம் வடிந்து கொண்டுபோய்ச் சேர்த்தபோது டொக்டர், "இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால்..." என்று தொடங்கிவிட்டு வசனத்தை முடிக்கவில்லை. அந்த வசனத்தை வருடம் முழுக்க நானே முடித்து முடித்துப் பார்த்தேன்.

மழைக்கு மட்டும் வவுனியாவில் ஓர் அறை எடுத்து இருப்போமா என்று கேட்டேன். அவள் சமைத்துக்கொண்டிருந்த சட்டியை இறக்கி வைத்தாள்.

"சண்டைக்குள்ள இடம்பெயர்ந்தது காணும். இனியும் ஒருக்கால் என்னை மூட்டை கட்டச் சொல்லாதையுங்கோ."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒருவரிடம் வாதாட முடியாது.

நான் உழவு இயந்திரம் திருத்துகிறவன். முல்லைத்தீவில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் முஸ்லிம் நண்பர் ஒருவரின் வளவில், பற்றைக்குள் அந்த வண்டி கிடந்தது. நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்துக்கு மூன்றாக ஆறு குண்டு ரயர்கள், மேலே பெரிய பிளாஸ்டிக் தொட்டி. ஸ்டியரிங் கிடையாது. இடது கம்பியை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும், வலது கம்பியை இழுத்தால் வலப்பக்கம்.

"சேத்திலயும் ஓடும், தண்ணியிலயும் மிதக்கும். எஞ்சின்தான் செத்துப் போச்சு," என்றார் நானா. "என்ட லொறியைத் திருத்தித் தந்திட்டு இதைக் கொண்டு போங்க."

துருப்பிடித்து இறுகிய சங்கிலிகளை டீசலில் ஊறப்போட்டேன். செத்த எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, நடந்து உழுகிற கைமெசினின் டீசல் எஞ்சினை ஏற்றினேன். அது பாரம் கூடியது, வண்டி தாழும் என்ற பயத்தில் இரண்டு பக்கமும் எண்ணெய் வரும் நீலப் பிளாஸ்டிக் பரல்களைக் காற்றுப் போகாமல் மூடிக் கட்டினேன். ஒரு பிளாஸ்டிக் கதிரையின் காலை அரிந்து, அவள் இருப்பதற்கு நடுவில் பொருத்தினேன். ஐப்பசி தொடக்கத்தில் குளத்து ஓரமாக இறக்கிப் பார்த்தேன். மிதந்தது. ரயர்கள் தண்ணீரைத் தள்ளித் தள்ளி ஆமை வேகத்தில் போனது. கரையேறியதும் முதல் வேலையாக எல்லா நட்டையும் ஒருக்கால் இறுக்கினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நட்டையும் நாளுக்கு ஒருதரம் இறுக்கினேன். இறுக்கினால் நித்திரை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

மார்கழியில் குளம் வான் பாய்ந்த மறுநாள் காலை அவளுடைய ஆஸ்பத்திரி முறை. இரண்டு வயல் அகலத்துக்கு ரோட்டைக் காணவில்லை. மண்நிறத் தண்ணீர் காட்டுப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அக்கரையில் ஓட்டோ ஒன்று எங்களுக்காக நின்றது. லொறி ரியூப் ஒன்றை ஊதி அவள் இடுப்பில் மாட்டிவிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரிக்கும் படுக்கை விரிப்பையும் சோற்றுப் பார்சலையும் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு அவள் கதிரையில் இருந்தாள்.

"பயமாய் இருக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை. நீங்கள் எடுங்கோ."

சில்லுகள் நிலத்தை விட்டதும் அக்கரை ஓட்டோவிலேயே கண்ணை வைத்துக்கொண்டேன். பாதி வழியில் பாதம் குளிர்ந்தது. ரயர் அடிக்கிற தண்ணீர் தெறிக்கிறது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கார்த்திகையில் என் கராஜுக்கு டெங்கு பரிசோதகர் வந்தார். பழைய ரயர் ஒன்றுக்குள் நுளம்புப் புழுவைக் கண்டு நன்றாக ஏசிவிட்டுப் போனார். அவர் படலை தாண்ட முதல் நான் துளைபோடும் மெசினை எடுத்துவிட்டேன். இங்கே கராஜ் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது கைப்பழக்கம். வளவில் மழைத்தண்ணீர் தேங்கக்கூடிய எதைக் கண்டாலும் அடியில் ஓட்டை போட்டுவிடுவோம். ரயர்கள், தொட்டி, வெட்டின பரல் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தவன், தண்ணீர் நின்ற இந்த வண்டிக்கும் மூன்று ஓட்டை போட்டிருக்கிறேன். மிதக்க வேண்டியதற்கு அடியில் ஓட்டை! நாள் தவறாமல் நட்டு இறுக்கிய அதே கை.

"ஓட்டை! அடியில மூண்டு ஓட்டை! நான்தான் போட்டனான்!" என்று கத்தினேன். கம்பிகளை விட முடியாது. விட்டால் வெள்ளம் எங்களைக் காட்டுக்குள் இழுத்துவிடும்.

"எங்கை?" என்றாள். குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவினாள். படுக்கை விரிப்பைப் பல்லால் கிழித்து இரண்டில் அடைத்தாள். மூன்றாவதில் குதிக்காலை வைத்து அமத்தினாள். என் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்துகொண்டிருந்தது. அழுகையா கும்பிடா என்று எனக்கே தெரியவில்லை.

"இஞ்சை பாக்காதையுங்கோ. முன்னுக்குப் பாருங்கோ," என்றாள்.

முன்சில்லு அக்கரைத் தார் ரோட்டில் முட்டியபோது வண்டிக்குள் தண்ணீர் அரைக் கெண்டைக்கால் வரை நின்றது.

ஆஸ்பத்திரியில் அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, கையில் குழாய் ஏற்றி, மெசினை ஓடவிட்டார்கள். ஆஸ்பத்திரி விரிப்பில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். வெள்ளத்தின் நடுவிலும் கலங்காத மனுசி என்று பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் காது கண்ணில் பட்டது.

"தோடு எங்கை?"

"அலுமாரிக்குள்ள. மகளுக்கெண்டு துண்டு எழுதி வைச்சிட்டு வந்தனான். தண்ணியோட போனால் அதுவும் வீணாய்ப் போயிடுமெல்லோ."

யாழ்ப்பாணத்தில் படிக்கிற மகளிடம் நாங்கள் வெள்ளத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

"பயமில்லையெண்டு சொன்னீர்?"

"பயமெண்டு சொல்லியிருந்தால் நீங்கள் அந்த எஞ்சினைத் தொட்டிருப்பீங்களோ?"

கட்டிலுக்கு இந்தப் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டு, குழாய் ஏற்றாத கையைப் பிடித்துக்கொண்டேன். பின்னேரம் அதே வெள்ளத்தால்தான் திரும்பிப் போக வேண்டும். மூன்று மாதமாக அவளுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்ததை அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

"எனக்குப் பயமாய் இருக்கு."

"எனக்கும்தான்," என்றாள்.