ஜப்பான் குச்சியும் சாலைக் குச்சியும்

இன்று காலை எங்கள் குடியிருப்பின் செயலாளர் லதா மேடம் வீட்டுக்கு ஒரு தட்டு குக்கீஸ் கொடுத்தார். ஹோஜிச்சா என்ற ஜப்பானிய வறுத்த தேயிலையைப் பொடித்துப் போட்டு, அவரே சுட்டது.

ருசி நன்றாகவே இருந்தது. அவரிடமிருந்து தேயிலைப் பாக்கெட்டை வாங்கிப் படித்தேன். உள்ளே இருப்பது வறுத்த தேயிலைத் தண்டு.

இதே மேடம்தான் இரண்டு வாரம் முன்பு, சாலைக் கடைத்தெரு செல்லத்துரை அண்ணாச்சியின் தேயிலையில் குச்சி கிடக்கிறது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டவர். அன்றிலிருந்து குடியிருப்பில் ஒருவரும் அண்ணாச்சியிடம் தேயிலை வாங்குவதில்லை.

“இதுவும் குச்சிதானே, மேடம்?”

“ஐயோ சாரே, அது கலப்படம். இது ஜப்பானாக்கும்!”

இரண்டு குக்கீஸை அண்ணாச்சி கடைக்குக் கொண்டுபோய் விவரம் சொன்னேன். நிதானமாக மென்றார்.

“குச்சிய நல்லா வறுத்திருக்காவ, சார். நான் வறுக்காம வித்தது தப்புதான். அந்தப் படத்த குரூப்புலேருந்து எப்போ எடுப்பாவ?”

குழுவைத் திறந்து பார்த்தேன். குக்கீஸ் படத்துக்குக் கைதட்டல் குவிகிறது. அதற்கு மேலே அண்ணாச்சியின் குச்சிப் படம், உச்சியில் ‘பின்’ குத்தி வைத்தது வைத்தபடி நிற்கிறது.

தட்டைக் காலி செய்த அண்டை வீட்டாரே, யாராவது மேடத்திடம் கேளுங்கள். என் வாயில் இன்னும் குக்கீஸ் இருக்கிறது.