குக்கரில் மாட்டிய இரும்பு வில்லை

காஞ்சிபுரத்தில் மிக்சி, குக்கர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுகாசினியிடம் ஏனாத்தூர் அன்னம்மாள் தன் கரண்ட் குக்கரைக் கொண்டுவந்தார். சோறு வேகுமுன்பே ஸ்விட்ச் விழுந்துவிடுகிறதாம். அடியில் காந்தத்தோடு ஒட்டியிருந்த வில்லை சூட்டில் பிடிவிடுவதைப் பார்த்த சுகாசினி, அதுதான் பழுது என்று கழற்றிவிட்டு இரும்பு வில்லை ஒன்றை மாட்டினாள்.

மூன்றாம் நாள் அன்னம்மாள் திரும்பி வந்தார். "ஸ்விட்ச் விழவே இல்லம்மா. சோறு கரியாப் போச்சு."

"தண்ணி கம்மியா ஊத்தியிருப்பீங்கக்கா," என்றாள் சுகாசினி, கடையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கும்படி. அன்னம்மாள் குக்கரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மனம் கேட்காமல் சுகாசினி, கழற்றி வைத்திருந்த பழைய வில்லையைச் சோதித்தாள். கொதிக்கும் தண்ணீரில் அது காந்தத்தோடு ஒட்டியே இருந்தது. எண்ணெயில் இன்னும் கொஞ்சம் சூடேறியதும் உதிர்ந்தது. ஆறியதும் மறுபடி ஒட்டியது. தண்ணீர் வற்றிச் சூடு ஏறும்போது விடுவதற்காகவே செய்த வில்லை. இரும்பு அந்தச் சூட்டுக்கு விடாது.

மறுநாள் ஏனாத்தூர் போய்ப் பழைய வில்லையையே திரும்ப மாட்டினாள். பாத்திரம் சரியாகப் படியவிடாமல் அடித்தட்டை மட்டும் சீக்கிரம் சூடேற்றிய, காய்ந்த சோற்றுப் பருக்கைகளைத் துடைத்ததும் குக்கர் சரியாக வேலை செய்தது. அவ்வளவுதான் பழுது.

"தப்பு என்னோடதுக்கா."

"அத்த அந்த நாலு பேருகிட்ட சொல்லும்மா," என்றார் அன்னம்மாள்.

நாலு பேரில் டீக்கடை பரசுராமன் முகம் மட்டும்தான் அவளுக்கு நினைவிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் தலையைக் குனிந்தபடி அவரிடம் போனாள்.